மூன்று ராஜாவை விட்டவன்

சீட்டாடிப் பிழைக்கிறவனுக்குப் பெண் கொடுக்க எந்த ஊரிலும் யோசிப்பார்கள். டெக்சஸின் அமரில்லோவிலும் யோசித்தார்கள். யோசித்து, முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். லோர்னா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஹாலிஸ் ட்ரென்ட்டின் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் காரை அவன் மறுமாதமே ஒரு மருந்துக்கடைக்காரனிடம் சீட்டில் தோற்றான் என்பது வேறு விஷயம்.

இத்தனை வருஷத்தில் ஜெயித்தாயா தோற்றாயா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. லாஸ் வேகஸில் இந்தத் தொழில் செய்பவர்களின் பெண்டாட்டிகளில் பாதிப் பேர் அதைக் கேட்டுக் கேட்டே விவாகரத்து வாங்கினார்கள். மீதிப் பேர் கேட்காமல் வாங்கினார்கள். லோர்னா ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்து சம்பாதித்து, கரண்ட் பில்லையும் மளிகையையும் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டாள். பெரிய பணம் அவனுடையது, வரும் போகும். சின்னப் பணம் அவளுடையது, அது பாட்டுக்கு இருக்கும். அந்தக் குடும்பம் அப்படித்தான் ஓடியது.

அப்படிப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பிச் சாவியைக் கையில் எடுத்த பிறகு, திரும்பி வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். மேஜைமேல் பேங்க்காரன் கொடுத்துவிட்டுப் போன காகிதம் கிடந்தது. அவர்கள் இருந்தது, அவளுடைய அம்மா கடைசிக் காலத்தில் மகளோடு இருக்க வேகஸ் வந்து வாங்கி, அவள் பெயருக்கு விட்டுப்போன வீடு. அதன்மேல் கடன் வாங்கினால்தான் ஹாலிஸ் தன் மேஜையில் தொடர்ந்து உட்கார முடியும் என்கிற நிலைமை வந்திருந்தது.

"நான் கையெழுத்து போடமாட்டேன்னு சொல்லல, ஹாலிஸ். போடறேன். ஆனா ஒரே ஒரு கேள்வி. நீ நிஜத்தைச் சொல்லணும்."

"கேளு."

"உன்கிட்ட அது இன்னும் இருக்கா?"

ஹாலிஸ் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இருக்குன்னா இந்த வீடு என்ன, என் பல்லைக்கூடக் கழட்டித் தரேன். இல்லன்னா, இல்லன்னு சொல்லிடு. அமரில்லோ போயிடலாம். எங்கண்ணன் பம்புசெட் கடையில ஆள் கேட்டுக்கிட்டே இருக்கான். நான் ஒண்ணும் வருத்தப்பட மாட்டேன்."

"வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்றான் அவன்.

'அது' என்று அவள் சொன்னதற்கு அந்தத் தொழிலில் பெயர் கிடையாது. எதிரில் உட்கார்ந்திருப்பவன் கையில் என்ன வைத்திருக்கிறான் என்று தெரிந்துவிடுவது, அவ்வளவுதான். மந்திரம் ஒன்றுமில்லை. அவன் எப்படிப் பணத்தைத் தள்ளினான், போன வாரம் இதே மாதிரி எப்போது தள்ளினான், இன்றைக்குக் காலையில் யாரோடு சண்டை போட்டுவிட்டு வந்தான், எல்லாம் சேர்ந்து உள்ளே எங்கோ ஒரு கணக்கு நடந்து, வயிற்றுக்குள் கதவு ஒன்று சாத்திக்கொள்வதுபோல் சட்டென்று விடை வந்து நிற்கும். எப்படி வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஹாலிஸுக்கு அது இருபது வயதிலேயே வந்துவிட்டது. மாட்டுத்தீவனக் கடைகளின் பின்னறையில், எண்ணெய்க் கிணற்று வேலைக்காரர்களோடும் பருத்தி வியாபாரிகளோடும் ஆடினான். ஒவ்வொரு ஊரிலும் முதலில் ஜெயிக்க வேண்டும், பிறகு ஜெயித்ததை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு உயிரோடு வெளியே வர வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். போலீஸ் பிடித்தது, திருடன் பிடித்தான், சில ஊர்களில் இருவரும் ஒரே ஆளாக இருந்தார்கள். அந்த நாட்களில் கூடவே காரில் அலைந்தவன் ஆர்லன் பிக்கெட். ஒருவன் தூங்கும்போது ஒருவன் ஓட்டுவான். இரண்டு பேரும் சேர்ந்துதான் வேகஸ் வந்தார்கள், சேர்ந்துதான் பெரிய பணம் புழங்கும் பெரிய மேஜைக்கு ஏறினார்கள்.

பெரிய மேஜையில் ஹாலிஸ் நன்றாக வாழ்ந்தான். இதில் சந்தேகம் வேண்டாம். ஊரில் பெயர் இருந்தது. ஹோட்டல் வாசலில் கார் எடுத்துவரும் பையன்கள் முதல் சமையல்காரன் வரை தெரிந்து வைத்திருந்தார்கள். பிறகு கம்ப்யூட்டரில் ஆடிப் பழகிய பிள்ளைகள் வந்தார்கள். மீசை முளைக்கும் முன்பே ஹாலிஸ் தன் ஆயுளில் ஆடியதைவிட அதிகமாக ஆடி முடித்தவர்கள். முகத்தையே பார்க்கமாட்டார்கள். எல்லாம் விகிதம், சதவீதம். ஹாலிஸ் தோற்க ஆரம்பித்தான். முதலில் சீட்டு வரவில்லை என்றான். தோற்கிற எவனும் அதைத்தான் சொல்வான். இரண்டு வருஷம் சொன்ன பிறகு அவனுக்கே நாக்கு கூசியது.

தோற்றதுகூடப் பரவாயில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம். அந்தக் கதவு சாத்துகிற சத்தம் நின்றுபோனதுதான் அவனைத் தின்றது. எதிரில் இருப்பவனைப் பார்ப்பான், ஒன்றும் வராது. அதைவிட மோசமான ஒரு யோசனை காலை நேரங்களில் பல் தேய்க்கும்போது வரும். முன்பு வந்ததாவது நிஜம்தானா? முப்பது வருஷம் நல்ல சீட்டு வந்ததைத்தான் வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்தோமா? மற்ற தொழிலில் மேஜை செய்தவனுக்கு மேஜை நிற்கும், வீடு கட்டியவனுக்கு வீடு நிற்கும். இந்தத் தொழிலில் செய்ததற்குச் சாட்சியே கிடையாது. சரியாக ஆடித் தோற்கலாம், தப்பாக ஆடி ஜெயிக்கலாம். ஒருவன் கெட்டிக்காரனா அதிர்ஷ்டக்காரனா என்பதை அவனே தெரிந்துகொள்ளாமல் செத்துப்போகலாம்.

வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று அவன் சொன்னதற்குக் காரணம், வியாழக்கிழமை டெல்பர்ட் ஓக்ஸ் வருகிறார்.

டெல்பர்ட்டுக்கு எட்டு மாநிலத்தில் மெத்தைக் கடைகள். ஊரையெல்லாம் தூங்கவைத்துச் சம்பாதித்த பணத்தை இங்கே வந்து விடுவார். காலையில் சொந்த விமானத்தில் வந்து இறங்கி, பகலெல்லாம் ஆடி, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பெண்டாட்டியிடம் திரும்பிவிட வேண்டும். அவர் வந்தால்தான் பெரிய ஆட்டம். வராவிட்டால் மற்றவர்கள் ஒருவரை ஒருவர் கடித்துத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் மேஜையில் யார் யார் இருக்கலாம் என்பதையும் அவரே சொல்வார். அவர் ஜோக்குக்குச் சிரிக்க வேண்டும். அவர் தப்பாக ஆடினால் 'நல்லா ஆடினீங்க' என்று சொல்ல வேண்டும். நண்பர்கள் ஒருவர் ஆட்டத்தில் ஒருவர் பங்கு வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்துகொண்டு தன்னை ஏய்க்கிறார்கள் என்று ஒரு சந்தேகம் வந்தால் எழுந்து போய்விடுவார், திரும்ப வரமாட்டார். எல்லோரும் அவரை முதலாளி என்றே கூப்பிட்டார்கள்.

ஹாலிஸுக்கு இடம் கிடைத்தது அவன் ஆட்டத்துக்காக அல்ல, அவன் கதைகளுக்காக. இது அவனுக்கும் தெரியும், மேஜையில் எல்லோருக்கும் தெரியும்.

"ஹாலிஸ், அந்தத் திருடன் கதைய எடுத்து விடேன்" என்றார் டெல்பர்ட், உட்கார்ந்ததும் உட்காராததுமாக. முன்னால் ஒரு தட்டு நிறைய இறால்.

"எத்தனை தடவை முதலாளி? திருடனே செத்துப்போயிருப்பான்."

"நீ சொல்லு. இந்தப் பையன் கேட்டதில்ல."

பையன் என்றது ரீட் என்பவனை. கணக்குப் படிக்கப் போய்ப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன். சட்டையோடு சேர்த்துத் தைத்த தலைத்துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு, யார் கதையும் தேவையில்லை என்பதுபோல் உட்கார்ந்திருந்தான்.

"அபிலீன்ல ஒரு சவரக்கடை" என்று ஹாலிஸ் ஆரம்பித்தான். "துப்பாக்கியோட நாலு பேர். எல்லாரையும் பேண்டைக் கழட்டச் சொல்லிட்டானுங்க. பணத்தையெல்லாம் வாரி மூட்டை கட்டினான் ஒருத்தன். கட்டிட்டு, என் சீட்டைப் பொரட்டிப் பாத்தான். பாத்துட்டு என் மூஞ்சிய ஒரு பார்வை. 'ஏன்யா, இந்தக் கைய வச்சுக்கிட்டா இவ்ளோ பணம் போட்டே? நான் திருடினதுதான்யா உனக்கு நல்லது'ன்னான்."

டெல்பர்ட் இறாலோடு சேர்ந்து சிரித்தார். புரையேறியது. ஆர்லன் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தான். ஆர்லன் எப்போதும் போல மென்மையாக, யாருக்கும் நோகாமல், தண்ணீர் குடித்துக்கொண்டு ஆடினான். அவன் முகத்தைப் பார்த்து எவனும் ஒரு டாலர் சம்பாதித்ததில்லை. சம்பாதித்தவன் ஒருவன் உண்டென்றால் அது ஹாலிஸ்தான். அதுவும் பழைய நாளில்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும். எல்லாம் சேர்த்து யாருக்கு நல்ல கை அமைகிறதோ அவனுக்குப் பணம். இல்லாவிட்டால் மற்றவர்களைப் பயமுறுத்தி விரட்டுகிறவனுக்குப் பணம். பிழைப்பெல்லாம் அந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஹாலிஸுக்கு இரண்டு ராஜா வந்தது. நடுவில் முதலில் திறந்த மூன்று சீட்டு: ஹார்ட்டினில் ஒரு ராஜா, ஹார்ட்டினில் ஒன்பது, ஸ்பேடில் இன்னொரு ஒன்பது. மூன்று ராஜா, இரண்டு ஒன்பது. அப்படி ஒரு கை வந்தால் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லலாம். அதைத் தோற்கடிக்க ஒரே ஒரு கைதான் உண்டு. மீதி இரண்டு ஒன்பதும் ஒருவனிடமே இருந்து, நாலு ஒன்பதாகச் சேர வேண்டும்.

மற்றவர்கள் விலகினார்கள். டெல்பர்ட்டும் விலகி, இறாலைக் கவனித்தார். ஆர்லன் மட்டும் நின்றான். அடுத்து ஒரு நாலு, அதற்கடுத்து ஒரு இரண்டு. ஒன்றுக்கும் உதவாத சீட்டுகள். ஒவ்வொரு முறையும் ஹாலிஸ் பணம் வைத்தான், ஆர்லன் பின்னாலேயே வந்தான். கடைசியில் ஹாலிஸ் பெரிதாக வைத்தான். ஆர்லன் கொஞ்சம் தண்ணீர் குடித்தான். பிறகு இரண்டு கையாலும், பணத்துக்குப் பதிலாக வைத்தாடும் தன் சில்லுகள் அத்தனையையும் முன்னால் தள்ளினான்.

"மொத்தமும்" என்றான்.

ஹாலிஸ் முன்னால் இருந்தது அவனிடம் மிச்சமிருந்த எல்லாம். சாதாரணமாக இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ரீட் மாதிரி ஆள் மூச்சு விடுவதற்குள் பணத்தைத் தள்ளியிருப்பான். ஹாலிஸின் கையும் சில்லுகள்மேல் போனது.

அப்போது அது வந்தது. இரண்டு வருஷமாக வராதது, வயிற்றுக்குள் பழைய கதவு அதே பழைய சத்தத்தோடு சாத்திக்கொண்டது. ஒன்பது. ஆர்லனிடம் இரண்டு ஒன்பது. சந்தேகமே இல்லை. ஹாலிஸுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்போல் இருந்தது. பணம் போவது பெரிதாகத் தெரியவில்லை. வந்துவிட்டதே, இருக்கிறதே, லோர்னாவிடம் போய்ச் சொல்லலாமே என்றுதான் மனசு குதித்தது.

உடனே இன்னொரு குரலும் கேட்டது. இது வித்தைதானா? இல்லை, பயமா? கடைசிப் பணத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கிழவனுக்கு எல்லோர் கையிலும் ஒன்பதாகத்தானே தெரியும்?

வெகுநேரம் யோசித்தான். டெல்பர்ட் தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"விட்டுட்டேன்" என்றான் ஹாலிஸ்.

இதோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும். சீட்டைக் கவிழ்த்தபடியே தள்ளிவிட வேண்டும். எதை விட்டாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஹாலிஸே அந்த விதியைத் தலைமுறை தலைமுறையாக வந்த பிள்ளைகளுக்கு மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லியிருக்கிறான். ஆனால் முப்பது வருஷம் எவனும் பார்க்காமலேயே சரியாகச் செய்த காரியங்கள் எல்லாம் சேர்ந்து அன்றைக்கு அவன் நெஞ்சை அடைத்தன. ஒரே ஒரு தடவை, ஒருவனாவது பார்க்கட்டும் என்று தோன்றியது. இரண்டு ராஜாவையும் திருப்பி, மேஜைமேல் பளிச்சென்று வைத்தான்.

ஆர்லன் அதைப் பார்த்தான். தன் இரண்டு சீட்டையும் கவிழ்த்தபடியே முன்னால் தள்ளினான். சீட்டு போடும் பெண் அவற்றைக் குப்பைச் சீட்டோடு சேர்த்துக் கலைத்துவிட்டாள். குப்பைக்குப் போன சீட்டு போனதுதான். அதைத் தேடிப்பிடிக்க எந்தச் சட்டமும் இல்லை.

டெல்பர்ட் கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார்.

"ராஜாவ விடறியா" என்றார். "மூணு ராஜா, ரெண்டு ஒன்பது. அத விடறே."

"முதலாளி, எனக்கு..."

"நான் மெத்தை விக்கிறவன்தான். ஆனா முட்டாள் இல்ல. பூமியில எவனும் அந்தக் கைய விடமாட்டான், எதிராளிகிட்ட என்ன இருக்குன்னு தெரிஞ்சாலொழிய. உனக்கு எப்படித் தெரிஞ்சுது? உன் சிநேகிதன் சொன்னானா? மூக்கத் தொட்டுக் காட்டினானா?"

"யாரும் ஒண்ணும் காட்டல. நான் அவன் மூஞ்சியப் படிச்சேன், அவ்ளோதான்."

"படிச்சியா! ரெண்டு வருஷமா எழுத்தே தெரியாத மாதிரி தோத்துட்டிருந்தே. இன்னைக்குத் திடீர்னு படிச்சிட்டியா?" டெல்பர்ட் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே கார்ல சுத்தினவங்கன்னு நீதானே கதை கதையா சொன்னே."

ஹாலிஸ் தன் வாழ்க்கையிலேயே மிக நன்றாகச் செய்த ஒரு காரியம், அவ்வளவு நன்றாக இருந்ததாலேயே திருட்டுத்தனம்போல் தெரிந்தது. டெல்பர்ட் கோட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டுவிட்டார். மற்றவர்கள் ஹாலிஸை முறைத்தார்கள். அவர் எழுந்து போனால் அத்தனை பேர் பிழைப்பும் அந்தக் கோட்டோடு சேர்ந்து விமானம் ஏறிவிடும்.

அப்போது ஆர்லன் சிரித்தான். நிதானமாக, தலையை ஆட்டிக்கொண்டு.

"உக்காருங்க முதலாளி. இந்த மடையன் எதையும் படிக்கல. என்கிட்ட ஒண்ணுமே இல்ல."

"என்ன இல்ல?"

"ஹார்ட்டின்ல ஏஸும் ஏழும். இன்னொரு ஹார்ட்டின் வந்தா அஞ்சும் ஒரே ஜாதியாகி நல்ல கை ஆயிடும், வரும் வரும்னு பாத்துக்கிட்டே பின்னாடி வந்தேன். வரல. சரி, கிழவன் கையில காசு கம்மி, மொத்தத்தையும் தள்ளினா பயந்துடுவான்னு தள்ளினேன். பயந்துட்டான். மூணு ராஜாவ வச்சுக்கிட்டுப் பயப்படுவான்னு நான் கனவுலகூட நினைக்கல."

டெல்பர்ட் ஆர்லனைப் பார்த்தார். ஹாலிஸைப் பார்த்தார். மேஜைமேல் கிடந்த இரண்டு ராஜாவைப் பார்த்தார். பிறகு அவருடைய வயிறு குலுங்க ஆரம்பித்தது.

"ஏழுக்கா! மூணு ராஜாவும் ஏழுக்கு ஓடிட்டானுங்களா!" கோட்டை நாற்காலியில் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தத் திருடன் கதைய இனிமே விட்டுடு ஹாலிஸ். இதான் கதை. எட்டு மாநிலத்துலயும் சொல்லப்போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள், உயிர் தப்பியவர்களின் சிரிப்பு. ரீட் மட்டும் சிரிக்கவில்லை. தலைத்துணிக்குள்ளிருந்து முதல் தடவையாக ஹாலிஸின் பக்கம் திரும்பிப் பேசினான்.

"எதிர்ல யாரா இருந்தாலும், அந்தக் கைய விடறது தப்பு சார்" என்றான். திமிராகச் சொல்லவில்லை. ஆறுதல் சொல்வதுபோல் சொன்னான். அதுதான் தாங்கமுடியவில்லை.

ஹாலிஸும் சிரித்தான். வேறென்ன செய்வான்? அன்று மாலை வரை ஆடினான், மீதி இருந்ததில் பாதியைத் தோற்றான். டெல்பர்ட் கிளம்பும்போது அவன் தோளில் கைபோட்டுக்கொண்டார். "அடுத்த தடவையும் நீ வந்தாகணும். உன்னை விட்டா இந்த மேஜையில நான் ஜெயிக்கிறதுக்கு யாரு இருக்கா?" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

கார் நிறுத்துமிடத்தில் இன்னும் வெயில் தணியவில்லை. ஆர்லன் தன் காருக்கு நடந்துகொண்டிருந்தான். ஹாலிஸ் பின்னால் ஓடிப் போய் நிறுத்தினான். இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்காத ஒரு கேள்வி இருந்தது. அந்தத் தொழிலில் சிநேகிதனைக் கேட்கவே கூடாத கேள்வி. கேட்டால் அவன் பொய் சொல்ல வேண்டும், அல்லது பிச்சை போட வேண்டும்.

"ஆர்லன், கையில என்ன வச்சிருந்தே?"

ஆர்லன் நின்றான். "என்னடா இது, புதுசா?"

"சொல்லு."

"வேண்டாம்டா."

"உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

ஆர்லன் சாவியைக் கை மாற்றிக்கொண்டான். "ஒன்பது" என்றான். "ரெண்டு ஒன்பது. நீ பாத்தது சரி. போதுமா?"

"உள்ள வேற மாதிரி சொன்னியே."

"சொல்லலைன்னா அந்த ஆள் போயிருப்பான். உன் பொழப்பு, என் பொழப்பு எல்லாம் போயிருக்கும். உன்னை யாருடா அதைத் திருப்பிக் காட்டச் சொன்னது? பச்சைப் புள்ளையா நீ?"

எல்லாம் பொருந்தித்தான் வந்தது. ஹாலிஸ் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"இதைக் கேட்டுட்டுச் சொல்லு. லோர்னா வீட்டை அடகு வைக்கப்போறா. நான் போய் இருக்குன்னு சொன்னா கையெழுத்து போட்டுடுவா. அவ அம்மா வீடு. அதனால நிஜத்தைச் சொல்லு."

ஆர்லன் உடனே பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லமுடியாது, ஒரு மூச்சு இருக்கும். நிஜத்தைச் சொன்னவன் மனம் நொந்ததாகவும் இருக்கலாம். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் வழி தேடியதாகவும் இருக்கலாம்.

"ஒன்பதுதான்டா" என்றான். "போ. வீட்டுக்குப் போ."

ஹாலிஸ் அவன் முகத்தைப் பார்த்தான். உலகத்தில் அவனுக்கு மிக நன்றாகத் தெரிந்த முகம். அம்மா முகத்தைவிட, பெண்டாட்டி முகத்தைவிட அதிக நேரம் உற்றுப் பார்த்த முகம். மூன்று வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாகக் கிடந்த ஒரு பழைய கூட்டாளியிடம், 'கிறிஸ்துமஸுக்குள்ள எந்திரிச்சு மேஜைக்கு வந்துடுவே பாரு' என்று ஆர்லன் சொன்னபோதும் இதே முகம்தான். பந்தயத்தில் நிஜமாகவே நல்ல கை வைத்திருக்கும்போதும் இதே முகம்தான்.

காத்திருந்தான். உள்ளே ஒரு கதவும் சாத்தவில்லை. ஒன்றும் வரவில்லை.

ஆர்லன் அவன் கையை மெல்ல விலக்கிவிட்டுக் காரில் ஏறினான். கார் போன பிறகும் ஹாலிஸ் அங்கேயே நின்றான். லோர்னா கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஒன்பதா ஏழா என்பதே இனித் தேவையில்லை. எதிரில் நின்று சிநேகிதன் சொல்வது மெய்யா பொய்யா என்று தெரியவில்லை என்றால் அவனிடம் அது இல்லை. எப்போதாவது இருந்ததா என்றும் இனித் தெரியப்போவதில்லை. அவனுக்கு அழுகை வந்தது. கார் எடுத்துவரும் பையன்கள் பார்ப்பார்கள் என்று அடக்கிக்கொண்டான்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் 'இல்லை' என்று சொல்லிப் பழகிக்கொண்டே போனான். ஒரே ஒரு வார்த்தைதானே. இல்லை லோர்னா, போயிடுச்சு, அமரில்லோ போயிடலாம். சிவப்பு விளக்கில் நின்றபோது சத்தமாகவே சொல்லிப் பார்த்தான். நிஜமாகவே சொல்லிவிடுவது என்றுதான் இருந்தான். இதை அவனுக்காகச் சொல்லத்தான் வேண்டும்.

லோர்னா பீன்ஸும் சோள ரொட்டியும் செய்து மூடி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை வரை அவள் கேட்டிருக்கமாட்டாள். ஆனால் அவன் வந்த விதத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"என்ன ஆச்சு?"

ஹாலிஸ் உட்கார்ந்தான். பேங்க் காகிதம் அதே இடத்தில் இருந்தது, மேலே உப்புச் சீசாவைப் பாரம் வைத்திருந்தாள். அவனுக்குப் பம்புசெட் கடை கண்ணில் தெரிந்தது. அதில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் ஒருவனும் தெரிந்தான், ஆனால் அவன் யாரென்று தெரியவில்லை. முப்பது வருஷமாக வேறு எதுவாகவும் இருந்து பார்க்காத ஆளுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

"இருக்கு" என்றான்.

"நிஜமா?"

"இன்னைக்கு மூணு ராஜா, ரெண்டு ஒன்பது வச்சிருந்தேன். ஆர்லன் மொத்தத்தையும் தள்ளினான். ஒன்பதுன்னு பாத்துட்டேன், விட்டுட்டேன். அப்புறம் அவன் வாயாலயே சொன்னான், ஒன்பதுதான்னு."

லோர்னாவுக்கு ஆட்டம் தெரியும். அமரில்லோவில் தெரிந்துகொண்டு வந்தவள். கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மூணு ராஜாவயா விட்டே?"

"ஆமா."

"எவன்டா விடுவான் அதை!" அவள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எழுந்து வந்து அவன் தலையைப் பிடித்து வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். "எவனுக்கு வரும் அது? நான் அப்பவே சொன்னேன் எங்கண்ணன்கிட்ட."

முப்பது வருஷமாக யாராவது சொல்லமாட்டார்களா என்று அவன் ஏங்கிய வார்த்தைகள் அவை. அவன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். அவள் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று மனசுக்குள் மன்றாடினான். ஒரு மூச்சு நேரம் அவளும் அவன் முகத்தை நன்றாக உற்றுப் பார்த்தாள், கண்ணுக்குள், வாயோரத்தில், நெற்றியில். அங்கே படிப்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உள்ளே இருப்பதை முகத்தில் காட்டாத அந்த ஒரு வித்தை மட்டும் அவனைவிட்டுப் போகவே இல்லை.

அவள் உப்புச் சீசாவை நகர்த்தினாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பேனாவை எடுத்து, நிதானமாகத் தன் முழுப்பெயரையும் எழுதினாள்.